காற்புள்ளி, கேள்விக்குறி, சட்டைப்பின்

வாழைச்சேனையிலிருந்து திருகோணமலை வீதியால் வடக்கே போனால் ஊர்ப் பெயர்கள் தண்ணீரில் போய் முடிகின்றன. காயாங்கேணி, மாங்கேணி, பனிச்சங்கேணி. உள்ளே காட்டுப் பக்கம் மதுரங்கேணிக்குளம் என்று ஓர் ஊர். கேணி போதாதென்று அங்கே குளமும் சேர்ந்துகொண்டது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, நடுவே மணல். அந்த மணலில் நல்ல தண்ணீர் ஊறிய இடம் பார்த்துத்தான் குடிகள் அமர்ந்தன. இதற்குக் கல்வெட்டுத் தேடிப் போக வேண்டாம், பஸ்ஸின் பெயர்ப்பலகை போதும்.

மாங்கேணி என் அம்மம்மாவின் ஊர். கிணறு கட்ட வசதியில்லாத காலத்தில் மணலைக் கையாலும் சிரட்டையாலும் தோண்டிப் பூவல் எடுப்பார்கள். முழங்கை ஆழத்திலேயே தண்ணீர் வந்துவிடும். முதலில் ஊறிய கலங்கலை அள்ளி ஊற்றிவிட்டு, அடுத்து ஊறுவதைச் சிரட்டையால் மெல்ல மொண்டு குடத்தில் விடுவார் அம்மம்மா. குடத்து வாயில் பழைய வேட்டித் துணி நாலாய் மடித்துக் கட்டியிருக்கும். எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். "பூச்சி கிடக்கும் மனே" என்றார். அந்தப் பூச்சி எப்படி இருக்கும் என்று அவர் யோசித்திருக்க மாட்டார். எனக்கும் அப்போது அது தோன்றவில்லை.

அன்று வருத்தத்துக்குப் பெயர் வைத்தது மனித உடம்பு. உடம்பு நெருப்பாய்க் கொதித்தால் நெருப்புக்காய்ச்சல். மேலும் கீழும் போனால் வாந்திபேதி. இருமி இருமி ஆள் இளைத்தால் கசம். விரல் மழுங்கினால் குட்டம். பிறந்து ஒரு கிழமையான பிள்ளை பால் குடிக்க வாய் திறக்க முடியாமல் வில்லாய் வளைந்தால் ஏற்புவலி. பெயரைக் கேட்டதுமே ஆள் படும் பாடு கண்ணில் தெரியும். இந்த ஐந்துக்கும் காரணம் ஒரே கூட்டம், பற்றீரியா. அதை அறிந்த பிறகு பெயர் வைக்கும் உரிமை கைமாறிவிட்டது. இன்று ஆசுபத்திரித் துண்டில் எழுதப்படுவது நோயாளியின் பாடல்ல, கிருமியின் உடல்வாகு: கோல், கோளம், சுருள், சாயம் ஏற்றது, ஏற்காதது.

அம்மை மட்டும் இந்தக் கணக்கில் வராது. மட்டக்களப்புப் பக்கத்தில் வைகாசியில் கண்ணகி அம்மனுக்குக் குளிர்த்தி பாடுவது வெப்பு நோய்கள் தணியவும்தான். ஆனால் அம்மை வைரசின் வேலை. வைரசுக்குக் கலமும் இல்லை, கலச்சுவரும் இல்லை. அது வேறு கதை.

பற்றீரியா எவ்வளவு சிறியது என்பதற்குப் புத்தகத்தில் மைக்ரோமீற்றர் என்று எழுதியிருக்கும். மாங்கேணிக்காரருக்கு நெல்மணியால் சொல்வதுதான் சரி. நம் குடலில் வாழும் ஈ. கோலை என்ற கோல் வடிவப் பற்றீரியா ஏறத்தாழ 2 மைக்ரோமீற்றர் நீளம். 6 மில்லிமீற்றர் நீளமான ஓர் அரிசி மணியின் தலையிலிருந்து வால் வரைக்கும் அதை வரிசையாய் அடுக்கினால் 3,000 நிற்கும். வேட்டித் துணியின் இழைகளுக்கு நடுவே அது வண்டில் மாடு படலைக்குள் நுழைவதை விடச் சுகமாக நுழைந்துவிடும்.

அப்படியானால் அம்மம்மா கட்டிய துணி வீணா? நான் வெகுகாலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். பள்ளிக்கூடம் போய் நாலெழுத்துப் படித்தவனுக்கு வரும் மிதப்பு அது. 2003ஆம் ஆண்டு றீற்றா கோல்வெல் என்ற அமெரிக்க நுண்ணுயிரியலாளரும் பங்களாதேஷ் ஆய்வாளர்களும் ஒரு முடிவை வெளியிட்டார்கள். பழைய சேலையைப் பல மடிப்பாக மடித்துக் குளத்து நீரை வடித்துக் குடித்த கிராமங்களில் கொலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. கணக்கு 48 சதவீதம். காரணம் எளிது. கொலராக் கிருமி தண்ணீரில் தனியாக மட்டும் அலைவதில்லை. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் துள்ளும் சிறு நீர்ப்பூச்சிகளின் ஓட்டிலும் முட்டைப் பையிலும் கூட்டமாய் ஒட்டிக்கொண்டு போகிறது. துணியில் மாட்டுவது அந்தப் பூச்சி. பூச்சியோடு ஆயிரக்கணக்கில் கிருமியும் மாட்டும். துவைத்துத் துவைத்து நைந்த துணிதான் நன்றாக வடிக்கும் என்பதும் தெரிந்தது. இழை தளர்ந்து துவாரம் சிறுத்துவிடுகிறது. புதுத் துணி அவ்வளவாக உதவாது. "பூச்சி கிடக்கும்" என்ற இரண்டு சொல்லுக்கு இத்தனை பொருள் இருந்திருக்கிறது.

கொலராக் கிருமியின் வடிவத்தை உலகுக்கு உறுதியாய்ச் சொன்னதும் ஒரு கேணிக்கரைக் கதைதான். இத்தாலியரான பிலிப்போ பசினி 1854இலேயே அதைக் கண்டு எழுதியிருந்தார், கேட்பார் இல்லை. 1883 இறுதியில் ஜெர்மனியின் றொபேட் கொக் கல்கத்தாவுக்கு வந்திறங்கினார். 1884 பெப்ரவரியில், இது மற்றக் கோல்களைப் போல் நேராக இல்லை, காற்புள்ளி போலச் சற்று வளைந்திருக்கிறது என்று எழுதியனுப்பினார். கல்கத்தாவின் ஒரு குளத்தில், ஆட்கள் குளித்து, துணி துவைத்து, அதையே அள்ளிக் குடித்த தண்ணீரில், அந்தக் காற்புள்ளியை அவர் பிடித்தார்.

ஏன் காற்புள்ளி? நேர்கோலாக இருந்தால் என்ன கெட்டுப்போகும்? அன்று அது வெறும் அடையாளம், ஆளைக் கண்டுபிடிக்கும் மச்சம் மாதிரி. 2017இல் பிரின்ஸ்ரன் ஆய்வாளர்கள் அந்த வளைவை உண்டாக்கும் புரதத்தைக் கண்டார்கள். கிருமியின் ஒரு பக்கத்தில் அது இழையாய் ஓடி அந்தப் பக்கத்தின் வளர்ச்சியை மந்தமாக்குகிறது. மற்றப் பக்கம் வளர, உடல் வளைகிறது. ஒரு பக்கம் நிழல் விழுந்த தென்னங்கன்று மற்றப் பக்கம் சாய்வதைப் போல. வளைந்த உடம்பு குடலின் கொழுகொழுத்த சளிக்குள் புகுந்து செல்ல வசதி. அந்தப் புரதத்தை நீக்கி நேராக்கிய கிருமி அவ்வளவு நன்றாக இடம் பிடிக்கவில்லை. மச்சம் என்று நினைத்தது ஆயுதமாக முடிந்தது.

அதன் வாலைப் பற்றியும் சொல்ல வேண்டும், களப்புக்காரருக்கு அது பிடிக்கும். பற்றீரியாவின் சவுக்குமுளை மீன் வாலைப் போல் அசைகிறது என்று ஒரு காலத்தில் எண்ணியிருந்தார்கள். அது அசையவில்லை, படகின் இயந்திரத்தில் பூட்டிய காற்றாடியைப் போல் சுழல்கிறது என்று ஹவார்ட் பேர்க்கும் றொபேட் அண்டர்சனும் எழுதியது 1973இல். அடியில் அச்சு, வளையம், தாங்கி எல்லாம் உண்டு. பெரும்பாலானவை புரோத்தனின் பாய்ச்சலில் ஓடும் இயந்திரங்கள். கொலராவின் இனமோ சோடியத்தில் ஓடுகிறது, அதாவது உப்பில். கடல்நீரில் வாழும் அதன் உறவுக்காரப் பற்றீரியா ஒன்றின் சவுக்குமுளை செக்கனுக்கு 1,700 தடவை சுற்றியதை 1994இல் அளந்திருக்கிறார்கள். உவர்க் களப்பில் உப்பையே எரிபொருளாக்கிய வண்டி. எங்கள் கரையில் நிற்கும் எந்த என்ஜின் போட்டும் கிட்டவும் நிற்காது.

எல்லாக் கோலும் கெட்ட கோல் அல்ல. வாழைச்சேனை வீதியோரம் மண்சட்டியில் அடுக்கி விற்கும் எருமைத் தயிரில் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்துப் பார்த்தால் முத்துமாலை போல் கோர்த்த கோளங்களும் குச்சி குச்சியான கோல்களும் நிறைந்திருக்கும். பாலைத் தயிராக்கியவை அவைதான். வடிவத்தைப் பார்த்து நல்லவன் கெட்டவன் என்று தீர்ப்புச் சொல்ல முடியாது; இந்தப் பாடத்தைப் பின்னால் கசப்பாய்ப் படிக்கப் போகிறோம்.

வடிவங்களுக்கு முதன்முதல் முறையாகப் பெயர் கொடுத்தவர் பெர்டினன்ட் கோன், 1872இல். அவருக்கு ஏறத்தாழ 190 ஆண்டுகளுக்கு முன்பே, 1683இல், ஒல்லாந்தின் டெல்ஃப்ட் நகரத் துணி வியாபாரி லீவன்ஹூக் தன் பல்லிடுக்கு அழுக்கை எடுத்துப் பார்த்துக் கோலும் சுருளும் கோளமும் வரைந்து லண்டனுக்கு அனுப்பியிருந்தார். அவர் அந்தப் படத்தை வரைந்தபோது மட்டக்களப்புக் கோட்டையில் இருந்தவர்களும் அவருடைய நாட்டவர்களே. இங்கே அவர்கள் கறுவாவையும் யானையையும் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

குட்டத்துக்கு அன்று கொடுத்த மருந்து தூரம். 1901இல் இலங்கையில் தொழுநோயாளர் சட்டம் வந்தது. நோய் கண்டவரைப் பிடித்து ஒதுக்கி வைக்கலாம். மட்டக்களப்பு வாவியின் நடுவில் மாந்தீவு அதற்கென்றே ஆசுபத்திரித் தீவாயிற்று. அங்கே தோணியேறிப் போனவரை ஊர் செத்தவர் கணக்கில் எழுதிவிடும். நான் சின்ன வயதில் வாவிக் கரையில் நின்று அந்தத் தீவைப் பார்த்து, "அங்க யார் இருக்காங்க?" என்று கேட்டபோது கூட வந்தவர்கள் என் கையை இழுத்துக்கொண்டு நடந்தார்கள்.

நோர்வேயில் ஹன்சன் 1873இல் கண்ட அந்தக் கிருமி ஒரு கோல். நுணுக்குக்காட்டியில் கட்டுக் கட்டாய்க் கிடக்கும். மருத்துவப் புத்தகம் அதைச் சுருட்டுக் கட்டு என்றே வர்ணிக்கிறது. அதன் கதையெல்லாம் சுவரில் இருக்கிறது. மற்றப் பற்றீரியாக்களில் பெரும்பாலானவற்றுக்கு இல்லாத தடித்த மெழுகுப் பூச்சு. சாயம் உள்ளே போவதற்கே சூடு காட்ட வேண்டும். போன சாயத்தை அமிலம் ஊற்றினாலும் கழுவ முடியாது. மருந்துக்கும் அதே பிடிவாதம். ஈ. கோலை வசதியான இடத்தில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும்; இதற்கு ஏறத்தாழ இரண்டு கிழமை வேண்டும். ஆகவேதான் நோய் தொற்றி வெளியே தெரிய ஆண்டுக்கணக்காகிறது, தொற்றிய இடம் மறந்தே போகிறது. மூன்று மருந்தைச் சேர்த்துக் கொடுக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்தது. மருந்து தொடங்கியதுமே நோயாளியிடமிருந்து பிறருக்குத் தொற்றுவது நின்றுவிடுகிறது. தீவு தேவையில்லை என்று ஆனது அப்போது. ஆனால் மட்டக்களப்பு மாவட்டத்தில் இன்னும் புதிதாய் ஆட்கள் கண்டுபிடிக்கப்படுகிறார்கள். தோலில் உணர்ச்சியற்ற வெளிறிய படை கண்டால் காட்டு என்று சுகாதாரப் பகுதியினர் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். படையை மறைப்பவர்கள் மறைத்துக்கொண்டும் இருக்கிறார்கள். மாந்தீவின் நினைவு அவ்வளவு லேசில் போகாது.

சுவர் என்று சொல்லிவிட்டேன். பற்றீரியாக்களை இரண்டு சாதியாகப் பிரிப்பது அந்தச் சுவர்தான். 1884இல் பேர்லினில் வேலை செய்த டென்மார்க்கு வைத்தியர் ஹான்ஸ் கிறிஸ்ரியன் கிராம் நுரையீரல் துண்டங்களில் கிருமி தெளிவாய்த் தெரிவதற்காக ஊதாச் சாயம் ஊற்றி, அயடீன் ஊற்றி, மதுசாரத்தால் கழுவினார். சில கிருமிகள் ஊதாவாகவே நின்றன, சில வெளுத்துவிட்டன. வெளுத்தவற்றைப் பார்த்து அவருக்கு ஏமாற்றம். இந்த முறை குறையுள்ளதுதான், யாருக்காவது பயன்பட்டால் சரி என்ற தொனியில் எழுதி வெளியிட்டார். அந்தக் குறைதான் அதன் பெருமை என்று பிறகு விளங்கியது. ஊதாவைப் பிடித்து வைத்தவற்றுக்குத் தடித்த ஒற்றை மதில். வெளுத்தவற்றுக்கு மெல்லிய மதிலும் அதற்கு வெளியே கொழுப்பாலான இன்னொரு போர்வையும். இரண்டு வீட்டுக்கும் சாவி வேறு. பெனிசிலின் மதிலைக் கட்ட விடாமல் கொல்லும் மருந்து. வெளிப்போர்வை உள்ளவற்றில் பலவற்றுக்குள் அது நுழையவே திண்டாடும். எங்கள் ஊர் ஆசுபத்திரி வரைக்கும் வரும் "கிராம் நேர்", "கிராம் எதிர்" என்ற இரண்டு வார்த்தை இந்த மதில் சமாசாரம்தான்.

உள்ளே என்ன இருக்கிறது என்பதில் என் தலைமுறை நன்றாக ஏமாந்தது. நான் உயர்தரத்துக்கு உயிரியல் படித்தது 1980களில். பற்றீரியாக் கலம் என்றால் ஒரு பை, அதற்குள் குழியவுரு, நடுவில் சுருண்ட டி.என்.ஏ., ஒரு ஓரத்தில் மென்சவ்வு உள்மடிந்து உருவான மீசோசோம். அந்த மீசோசோமை நான் மிக அழகாக வரைவேன். சுருள் பிட்டு மாதிரி. சுவாசம் நடப்பது அங்கேதான் என்று குறிப்பும் எழுதுவேன். அப்படி ஒரு பொருள் இல்லை. இலத்திரன் நுணுக்குக்காட்டிக்குக் கலத்தைப் பதப்படுத்த ஊற்றிய இரசாயனம் மென்சவ்வைச் சுருங்க வைத்து உண்டாக்கிய சுருக்கம் அது. இரசாயனமில்லாமல் சட்டென்று உறைய வைத்துப் பார்த்தபோது மீசோசோம் மறைந்துவிட்டது. நான் அதை வரைந்துகொண்டிருந்த நாட்களிலேயே ஆய்வாளர்கள் அதை இறக்கிவிட்டிருந்தார்கள். செய்தி எங்கள் வாகரைப் பக்கம் வந்து சேரப் பாதையேறித் துறை கடக்க வேண்டியிருந்ததோ என்னவோ. அந்தக் காலத்தில் இந்த வீதியில் பாலம் இல்லாத இடங்களில் வாகனத்தை ஏற்றிக் கடத்தும் மிதவைக்குப் பாதை என்றே பெயர்.

பை என்பதும் பொய். பற்றீரியாவுக்கு எலும்புக்கூடு இல்லை, சுவர்தான் வடிவம் தருகிறது என்று படித்தோம். 1991இல், கலம் இரண்டாகப் பிரியும் இடத்தில் ஒரு புரதம் வளையமாய்க் கூடுவதைக் கண்டார்கள்; அது தேங்காய்ப் பொச்சில் இறுக்கிய கயிறு போல இடுப்பைச் சுற்றி நிற்கிறது. 2001இல் ஒக்ஸ்பேட்டில் ஜெஃப் எரிங்டனின் குழு, கோல் வடிவத்துக்குக் காரணமான எம்.ஆர்.ஈ.பி. என்ற புரதம் இழைகளாக அமைவதைக் காட்டியது. எங்கள் தசையில் உள்ள அக்ரினுக்கு அது உறவு. அந்தப் புரதத்தைப் பறித்துவிட்டால் கோல் உருண்டையாகிவிடும். கொத்தனாரை வழிநடத்தும் நூல் போல, எங்கே செங்கல் வைப்பது என்று சுவருக்குச் சொல்வது அதுதான். மதில் தானாக நிற்கவில்லை. மேசன் உள்ளே இருந்திருக்கிறான்.

2004 டிசம்பர் 26 காலை கடல் வந்தபோது மாங்கேணி, வாகரைக் கரையின் கிணறுகளில் உப்பு ஏறியது. ஆட்கள் கிணற்றை இறைத்து இறைத்துக் கழுவினார்கள். மணலுக்குள் நல்ல தண்ணீர் உவர்நீரின் மேல் மெல்லிய ஏடாகத்தான் மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருந்து உப்பு மேலே வரும் என்று சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனம் எச்சரித்தது. கடைசியில் கழுவித் தந்தது மாரி மழைதான். அதுவரைக்கும் பவுசரில் தண்ணீர் வந்தது, கறுப்புத் தாங்கிகள் சந்திச் சந்தியாக முளைத்தன, கிணற்றுக்குக் குளோரின் போட்டார்கள். பிறகு யுத்தம், 2006, 2007இல் வாகரைப் பக்கம் முழுக்கப் பெயர்ந்து முகாம்களில் கிடந்தது. ஊர் திரும்பியபோது கொங்கிறீற்று வளையம் இறக்கிய கிணறுகளும் குழாய்க் கிணறுகளும் கூடின. பூவல் போய்விட்டது. இப்போது பொதுச் சுகாதாரப் பரிசோதகர் போத்தலில் தண்ணீர் எடுத்துப்போய், அதில் ஈ. கோலை இருக்கிறதா என்று பார்க்க அனுப்புகிறார். அந்தக் கோல் அநேகமாகத் தீங்கில்லாததுதான். ஆனால் அது கிணற்றில் இருந்தால் பக்கத்து மலக்குழிக்கும் கிணற்றுக்கும் தொடர்பு உண்டு. அது குற்றவாளி அல்ல, கோள் சொல்பவன்.

கிணற்றை மூடி வைக்கலாம், வயலை மூட முடியாதே.

மாரி தொடங்கிப் பெரும்போகத்துக்கு வயல் உழும் நாட்களில் வருவது எலிக்காய்ச்சல். 2008இல் நாடு முழுவதும் 7,000 பேருக்கு மேல் சந்தேகத்தின் பேரில் பதிவானார்கள், இருநூறு பேரளவில் இறந்தார்கள். லெப்ரோஸ்பைறா என்ற அந்தக் கிருமி மெல்லிய சுருள். ஒரு முனை, சில வேளை இரு முனையும், கொக்கியாய் வளைந்திருக்கும். 1907இல் ஸ்ரிம்சன் என்ற அமெரிக்கர் அதைச் சிறுநீரகத் துண்டொன்றில் பார்த்தபோது கேள்விக்குறி போலவே தெரிந்ததால் கேள்வி கேட்பவன் என்று பொருள்படும் லத்தீன் பெயரையே வைத்துவிட்டார். தடிப்பு வெறும் 0.1 மைக்ரோமீற்றர், கிராமின் சாயத்தில் பிடிபடாது, பின்புலத்தை இருட்டாக்கி ஓரத்து வெளிச்சத்தில் பார்த்தால் வெள்ளி இழையாய் நெளியும். இதன் சவுக்குமுளை வெளியே இல்லை. இரண்டு போர்வைக்கும் நடுவில் உடம்போடு சுற்றிக் கிடக்கிறது. அது திரும்ப உடம்பு முழுவதும் தச்சரின் துறப்பணம் போல் திருகும். சேற்றிலும் தசையிலும் துளைத்துப் போக இதைவிடத் தோதான உருவம் இல்லை. எலியின் சிறுநீரில் வந்து, வயல் நீரில் மிதந்து, காலில் உள்ள கீறலில் திருகி ஏறுகிறது. வயலில் இறங்குமுன் வாரம் ஒருமுறை டொக்சிசைக்கிளின் குளிசை கொடுக்கும் வழக்கம் இப்போது உண்டு. கமக்காரர் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். விழுங்குவது அவரவர் மனம்.

ஆனால் நான் சொல்ல வந்தது இன்னொரு சேற்றுக் கிருமியை. அன்றும் இன்றும் என்ற கதைக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் மட்டக்களப்பில் இல்லை.

என் பெரியப்பா ஒருவர் மாரியில் வரப்புக் கட்டிவிட்டு வந்து காய்ச்சலில் விழுந்தார். சீனி வருத்தக்காரர். பரியாரியார் கசாயம் கொடுத்தார், பிறகு ஆசுபத்திரி. நெஞ்சில் சளி, ஈரலில் கட்டி; கசமாயிருக்கும் என்றார்கள், சளியில் கசக்கிருமி காணவில்லை. பத்தாம் நாள் போய்விட்டார். "காய்ச்சலில் செத்தார்" என்பதோடு கதை முடிந்தது. என்ன காய்ச்சல் என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. நான் இப்போது எழுதப்போகும் கிருமிதான் என்று சாதிக்கவும் மாட்டேன். ஆனால் கீழே வரும் விவரங்களைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

1911இல் ரங்கூன் பொது ஆசுபத்திரியில் அல்பிரட் விட்மோர் என்ற வெள்ளைக்கார வைத்தியரும் சி. எஸ். கிருஷ்ணசாமி என்ற உதவி வைத்தியரும், இறந்துபோன ஏழைகளின் உடலைத் திறந்து பார்த்தபோது நுரையீரலிலும் ஈரலிலும் சீழ்க்கட்டிகளைக் கண்டார்கள். அதிலிருந்த கோல் எந்தப் பட்டியலிலும் இல்லை. 1912இல் இருவரும் சேர்ந்து எழுதினார்கள். நோய்க்கு இன்று விட்மோரின் பெயரையும் சொல்வார்கள். கிருஷ்ணசாமியை யாரும் சொல்வதில்லை. பிறகு மெலியோய்டோசிஸ் என்று பெயராயிற்று, கிருமிக்குப் பேர்க்ஹோல்டேரியா சூடோமல்லி என்று. இலங்கையில் முதல் நோயாளி 1927இல் எழுதப்பட்டார், ஓர் ஐரோப்பியர். அதற்குப் பிறகு ஏறத்தாழ எண்பது ஆண்டு அங்கொன்று இங்கொன்றாகத்தான் பதிவு. இலங்கைக்கு இந்த நோய் இல்லை என்றே பலரும் வைத்திருந்தார்கள்.

ஏன் தெரியவில்லை? இங்கேதான் வடிவம் காலை வாரியது. சாயமிட்டுப் பார்த்தால் இது ஒரு சிறு கோல், இரு முனையும் கறுத்து நடு வெளுத்து, சட்டைக்குக் குத்தும் பின்னைப் போல. அழகான அடையாளம். ஆனால் வேறு சில கிருமிகளும் அப்படித் தெரியும். இதுவும் எப்போதும் அப்படித் தெரியாது. ஆய்வுகூடத்தில் வளர்த்தாலோ அவசரமில்லாமல் வளரும், முதலில் வழுவழுப்பாக இருந்து சில நாளில்தான் காய்ந்து சுருக்கம் விழுந்த பூவாகும். அதற்குள், இது வெளியிலிருந்து விழுந்த மண்கிருமி, சூடோமோனாஸ் என்று எழுதித் தட்டைக் கழுவி விடுவார்கள். மண்கிருமி என்பது உண்மைதான். அதன் வீடே மண். சேற்றுக்கடியில் வேர்ப்பகுதியில் வாழும். தாய்லாந்தில் வெறும் வடித்த நீரில், சாப்பாடு எதுவுமின்றி, 16 ஆண்டு போட்டுவைத்துப் பார்த்தபோதும் உயிரோடு இருந்தது. உடம்புக்குள் போனால் மனிதக் கலத்துக்குள்ளேயே புகுந்துகொண்டு, அந்தக் கலத்தின் புரத இழைகளைப் பறித்துத் தனக்கு வாலாய்க் கட்டி, பக்கத்துக் கலத்துக்குள் தள்ளிக்கொண்டு போகும். வெளிப்போர்வையில் மருந்தை இறைத்து வெளியேற்றும் பம்பிகளும் உண்டு. காய்ச்சல்காரருக்கு வழக்கமாய்ப் போடும் ஜென்ரமைசின் ஊசி இதற்குத் தண்ணீர்.

2006க்குப் பிறகு கொழும்புப் பல்கலைக்கழகத்தின் ஈனோக்கா கொரெயாவும் அவருடன் சேர்ந்தவர்களும், இப்படிக் "கழுவிவிடும்" கோல்களை எங்களுக்கு அனுப்புங்கள் என்று ஆசுபத்திரி ஆய்வுகூடங்களைக் கேட்கத் தொடங்கினார்கள். பெரிய இயந்திரம் எதுவும் முதலில் தேவைப்படவில்லை. மூன்று மருந்து வில்லைகளைத் தட்டில் வைத்துப் பார்த்தால் போதும்: ஜென்ரமைசினுக்கும் பொலிமிக்சினுக்கும் அசையாமல், கோஅமொக்சிகிளாவுக்கு மட்டும் பணியும் கோல் என்றால் சந்தேகப்படு. தேடத் தொடங்கியதும் வந்து குவிந்தன. மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையும் அதில் முன்வரிசை. கிழக்கில் ஒரு கடும் மழைக்குப் பின் பத்துப் பேர் ஒன்றாக விழுந்தார்கள். பத்துப் பேரின் இரத்தத்திலும் இந்தக் கிருமி. ஓரிடத்திலிருந்து பரவிய ஒரே வம்சமா என்று மரபணுவைப் படித்துப் பார்த்தார்கள். இல்லை, வெவ்வேறு வம்சங்கள். அந்த விவரம் 2021இல் அச்சாயிற்று. அதாவது கிருமி எங்கிருந்தோ வந்து சேரவில்லை. பல வம்சமாய்ப் பிரிந்து பெருகுமளவுக்கு நெடுங்காலமாய் இந்த மண்ணில் குடியிருக்கிறது. நாம் பூவல் தோண்டிய காலத்திலும் கீழே இருந்தது.

உலகக் கணக்கில் ஆண்டுக்கு 1,65,000 பேருக்கு இது வருகிறது, 89,000 பேர் இறக்கிறார்கள் என்று 2016இல் மதிப்பிட்டார்கள். இனங்கண்டுவிட்டால் மருந்து இருக்கிறது: செஃப்ராசிடிம் அல்லது மெரோபெனெம், குறைந்தது பத்துப் பதினான்கு நாள் நரம்பில், பிறகு மூன்று மாதமாவது குளிசை. இடையில் விட்டால் திரும்பி வரும். சீனி வருத்தக்காரரைத்தான் அதிகம் பிடிக்கிறது. மாங்கேணியில் இப்போது சீனி வருத்தமில்லாத வீட்டைத் தேட வேண்டும். அது பெரியப்பா காலத்தில் இல்லாத பெருக்கம். கிருமி மாறவில்லை. அதற்குத் திறந்துவிடும் கதவுகள் கூடியிருக்கின்றன.

போன மாரியில் ஊருக்குப் போனேன். காப்பெட் வீதி, புதுப் பாலங்கள். ஒருநாள் எடுத்த பயணம் காலைச் சாப்பாட்டுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் நடுவில் முடிந்துவிட்டது. மச்சான் வயலில் நின்றார். அவருக்கும் சீனி, இரண்டு வேளை குளிசை. வாடியின் கூரைக் கம்பில் முழங்கால் உயர றப்பர் சப்பாத்து ஒரு சோடி தலைகீழாய்த் தொங்கியது. சுகாதாரப் பகுதியினர் சொல்லி வாங்கியதாம். சேறு படாத சப்பாத்து.

"ஏன் மச்சான் போடயில்லை?"

"போட்டுக்கிட்டு ஒருக்கா இறங்கிப் பாருங்களன். காலைத் தூக்கினா கால் வரும், சப்பாத்து வராது. பிறகு அதைத் தோண்டி எடுக்க ரெண்டு ஆள் வேணும்."

நான் சட்டைப்பின் கதையைச் சொன்னேன். கவனமாய்க் கேட்டார். ரங்கூன் ஆளின் பெயரை இரண்டாம் முறை கேட்டு, "நம்மட ஆளா?" என்றார். பெயரைப் பார்த்தால் தென்னிந்தியர் போல என்றேன். தலையாட்டிக்கொண்டு, வாய்க்காலில் இறங்கிக் காலைத் தேய்த்துக் கழுவினார். குதிகால் வெடிப்புகளுக்குள் இறுகிப்போன சேற்றை ஈர்க்கால் ஒவ்வொன்றாய்க் கிளறி எடுக்க வேண்டியிருந்தது.